திம்புள்ளப் பகுதியின் உணவு வழிகளும் வெள்ள நிவாரணமும்: ஒரு வரலாற்று நோக்கு

மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆபுத்திரன் கதையைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பாண்டிநாட்டில் மழைவளம் பெருகிய பின்னர் அவனிடம் உண்ண வருவார் இலராயினர். மழையின்றிச் சாவகநாடு பசியால் வாடுகின்றது எனக் கடலோடிகள் வாயிலாகக் கேட்ட அவன், அந்நாடு நோக்கி மரக்கலம் ஏறினான். இடையில் மணிபல்லவத்தில் தங்கிய கலம், அவன் இறங்கி நின்றதை அறியாது புறப்பட்டுச் சென்றது. மக்கள் வழங்காத அத்தீவில் தன்னுயிரை மட்டும் ஓம்பி வாழ விரும்பாத ஆபுத்திரன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான். இக்கதையை அறத்தின் சிறப்பை உணர்த்துவதாகவே அறிஞர் பலரும் விளக்கியுள்ளனர். அது பொருந்துவதே. எனினும் அதனுள் பிறிதோர் உண்மையும் அடங்கியுள்ளது. உணவு ஓரிடத்தில் இருந்தது. பசி வேறோரிடத்தில் இருந்தது. இரண்டையும் இணைத்த வழி அறுந்தது. வழி அறுந்தவிடத்து அமுதசுரபியும் வெறும் ஓடே.

ஈழத்து மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் காப்பி, தேயிலை, குடிபெயர்வு, கூலி, குடியுரிமை என்பனபற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் அம்மக்களுக்குரிய அரிசியும் மாவும் எவ்வழியாக மலையேறின, அவ்வழி வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அறுந்தபொழுது என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. திம்புள்ளப் பகுதியைச் சிறப்பாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அனர்த்த காலத்தில் இப்பகுதி மக்களைக் காப்பாற்றியது வெளியிலிருந்து அனுப்பப்பட்ட பொருளின் அளவு அன்று. நடந்துசெல்லும் தூரத்துள் இருந்த இருப்பும், அவ்விருப்பின் திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதுமே அவர்தம் நிலையை நிர்ணயித்தன என்பது ஈண்டு நிறுவ முற்படும் கருத்தாகும்.

நிலமும் நீரும்

தலவாக்கலை, கொட்டகலை, அக்கரபத்தனை, டயகம முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைப் பிரதேசமே திம்புள்ள எனப் பொதுவாக வழங்கப்படுகின்றது. இப்பகுதியின் நீர் கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, கம்பளைக்கு மேலே மகாவலி கங்கையை அடைகின்றது. ஹட்டன் மலைத்தொடருக்கு அப்பால், மஸ்கெலியா ஓயாவும் கெகல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகி மேற்கே கொழும்பை நோக்கிப் பாய்கின்றன. இங்ஙனம் ஒரே மலைமுகடு நாட்டின் இரு பெரு நதிகளுக்கும் நீர்பிரி மேடாக அமைந்துள்ளது.

இப்புவியியல் உண்மை நமது ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இம்முகட்டின்மீது பெருமழையைப் பொழிகின்றது. அம்மழை மிகும்பொழுது முகட்டின் ஒருபுறத்து நீர் கம்பளைப் பள்ளத்தாக்கையும், மறுபுறத்து நீர் அவிசாவளை முதல் கொழும்பின் புறநகர் வரையுள்ள தாழ்நிலத்தையும் மூழ்கடிக்கக்கூடும். பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக மலையேறுவது ஒரு பாதை. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனை அடைவது மற்றொரு பாதை. ஒன்று மூடினால் மற்றொன்று உதவும் என எண்ணத் தோன்றும். ஆனால் இரு பாதைகளின் அடிவாரத்தையும் ஒரே மழை ஒரே வேளையில் மூடிவிடக்கூடும். மலைமீதிருப்போருக்கு வெள்ளம் என்பது வீட்டினுள் நீர் புகுதல் மட்டுமன்று; சரிவில் மண் வழுக்குதலும், அடிவாரத்தில் வழி மறைதலும், அதனால் அடுப்பு அணைதலுமாம்.

இந்நிலையை மனிதர் செயலும் மோசமாக்கியது. காப்பிக் காலத்தில் முகடுவரை காடு அழிக்கப்பட்டது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலுக்கு எதிராக 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரிக்கை விடுத்ததன் பின்னரே அரசு ஓரளவு கட்டுப்பாடு விதித்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்தது. மழைநீரை வழிப்படுத்தத் தேயிலை மலைகளில் கான் வெட்டுதலும் கான் துப்புரவு செய்தலும் தோட்டத் தொழிலாளரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயின. அக்கான்கள் தூர்ந்த இடங்களில் நீர் மண்ணினுள் இறங்கிச் சரிவை நெகிழச் செய்யும் என்பதை அத்தொழிலாளர் நூலறிவின்றியே அறிந்திருந்தனர்.

தவளமும் தலைச்சுமையும்

திம்புள்ளயிற் காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், அங்கு உழைத்தோருக்குரிய அரிசி அம்மண்ணில் விளையவில்லை. தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும், பின்னர்ப் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் கப்பல் வழியாகக் கொழும்பை அடைந்த அரிசியே மலையேறியது. அவ்வரிசி வாணிபத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் முக்கிய இடம் பெற்றனர். கொழும்பிலிருந்து மாட்டுவண்டிகளும், வண்டிப்பாதை முடியுமிடத்திலிருந்து தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களும் மூட்டைகளை ஏற்றிச் சென்றன. பொதிமாடும் செல்லாத இடங்களுக்குத் தொழிலாளரே தலைச்சுமையாக அரிசி கொண்டுசென்றனர். மேலே அரிசி கொண்டுசென்ற அதே மாடுகள் கீழே காப்பி கொண்டுவந்தன.

இவ்வழி நலிவுற்றதாயினும் அதற்கொரு சிறப்பு இருந்தது. அது பலவாகக் கிளைத்திருந்தது. ஒரு கணவாயில் மண் சரிந்தால் தவளம் வேறொரு கணவாயை நாடலாம். ஆனால் மழைக்காலத்தில் ஆறுகள் பெருகியபொழுதும், மாடுகளுக்குக் கொள்ளைநோய் கண்டபொழுதும் போக்குவரத்து முடங்கியது. அதனால் மழைக்கு முன்னரே அரிசியைச் சேமித்து வைத்தல் தோட்ட நிருவாகத்துக்கு இன்றியமையாததாயிற்று. மக்களின் நலங்கருதி அன்று, வேலை நின்றுவிடலாகாது என்பதற்காகவே இச்சேமிப்பு நிகழ்ந்தது. நோக்கம் எதுவாயினும், மழைக்கு முன்னே மலைமீது இருப்பு வைத்தல் என்னும் வழக்கம் திம்புள்ளயின் மிகப் பழைய அனர்த்த ஆயத்தமாகும்.

புகையிரதமும் ஒற்றை வாயிலும்

1854இற் கண்டியில் நிறுவப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் வீதிக்காகவும் புகையிரதத்துக்காகவும் இடைவிடாது குரல் கொடுத்தது. 1867இற் கண்டியை அடைந்த இருப்புப்பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. வட்டவளை, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை ஆகிய நிலையங்கள் திம்புள்ளயின் வாயில்களாயின. இதற்கிடையில் 1869இல் தோன்றிய இலைநோயாற் காப்பி அழிந்து தேயிலை தலையெடுத்தது. தேயிலைப் பெட்டி கீழிறங்கியது. அரிசி மூட்டை மேலேறியது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டமக்கள் இன்றும் ‘ஸ்டோர்’ என்றே வழங்குகின்றனர். மலையின் மிகப் பெரிய, மிக உறுதியான களஞ்சியம் வெளியே அனுப்பும் பொருளுக்காகவே கட்டப்பட்டது என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது.

புகையிரதம் விரைவைத் தந்தது, விலையைக் குறைத்தது, பஞ்சத்தின் அச்சத்தை ஓரளவு நீக்கியது. ஹட்டனும் தலவாக்கலையும் கடைத்தெருக்கள் கொண்ட நகரங்களாக வளர்ந்தன. ஆனால் பல வழிகளாயிருந்தது ஒரு வழியாகச் சுருங்கியது. தவளப்பாதைகள் புல்மூடின. கடுகண்ணாவை ஏற்றத்திலோ வட்டவளைச் சரிவிலோ பாதை அறுந்தால் முழுத் திம்புள்ளயும் ஒருசேரத் துண்டிக்கப்படும் நிலை தோன்றியது. வட்டவளைச் சரிவின் இயல்பு அண்மைக்காலத்திலும் வெளிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நிலம் மெல்ல நகர்ந்து இருப்புப்பாதையைத் தடைசெய்தபொழுது, நிலத்தினுள் ஆழமாகத் துளையிட்டு நீரை வெளியேற்றியே அதனை நிலைப்படுத்த வேண்டியதாயிற்று.

எனினும் இக்காலத்திலும் ஒரு பாதுகாப்பு நீடித்தது. தொழிலாளருக்கு அரிசி வழங்கி அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தல் தோட்ட வழக்கமாயிருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ்க் கூலியும் அரிசி விலையும் ஒன்றோடொன்று இணைத்தே நிர்ணயிக்கப்பட்டன. இதனால் தோட்டந்தோறும் அரிசி இருப்பு இருந்தது. கடனுக்கும் கட்டுப்பாட்டுக்கும் கருவியாகிய அவ்வரிசி அறையை எவரும் நிவாரணக் களஞ்சியமாகக் கருதவில்லை. ஆயினும் பாதை அறுந்த நாட்களில் லயத்துக்கும் பட்டினிக்கும் இடையே நின்றது அதுவே எனக் கொள்ளல் தகும். பெரிய கங்காணியின் பிடியை வலுப்படுத்திய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், திறவுகோல் மட்டும் துரையின் அலுவலகத்திலேயே இருந்தது.

போர்க்காலப் பங்கீடு

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பு குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. தீவு முழுவதும் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் அட்டையும் சங்கக்கடையும் மக்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன. போருக்கு முன்னர் மிகச் சிலவாயிருந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கிற் பெருகின. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடிக்கத் தொடங்கியது. இன்று மலையகத்தின் அடையாள உணவாகக் கருதப்படும் ரொட்டிக்கு இப்பற்றாக்குறைக் காலமும் ஒரு காரணம் எனலாம்.

இக்காலம் நமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. முதலாவது, கடல்வழி அறுந்தபொழுதும் பட்டினிச்சாவு பெருகாமல் தடுத்தது நாடெங்கும் விரவியிருந்த சிறு விநியோக நிலையங்களின் வலையமைப்பேயாகும். ஒரு பெருங் களஞ்சியத்தாற் செய்யவியலாததைப் பல சிறு கடைகள் செய்தன. இரண்டாவது, பெயர் பதிவேட்டில் இருந்தால் மட்டுமே பங்கு கிடைக்கும் என்பது. பங்கீட்டு அட்டை தோட்டத் தொழிலாளியையும் கிராமத்தவனையும் ஒரே நுகர்வோர் பட்டியலிற் சேர்த்தது. ஆனால் அவ்வொருமை நெடுநாள் நீடிக்கவில்லை.

1947ஆம் ஆண்டு வெள்ளமும் பதிவேட்டின் மறுபக்கமும்

1947 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை கண்ட வெள்ளம் இருபதாம் நூற்றாண்டின் பெருவெள்ளங்களுள் ஒன்று. களனியும் மகாவலியும் ஒருங்கே கரைகடந்தன. மலைநாட்டில் மண்சரிவுகள் ஏற்பட்டன. முகட்டின் இருபுறமும் ஒரே வேளையில் மூழ்கும் என முன்னர்க் கூறியதற்கு அவ்வாண்டு நிகழ்ச்சியே சான்றாகும். அவ்வெள்ளம் வடியுமுன்னரே நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் தொடங்கியது. ஓகஸ்ட் 23 முதல் செப்தெம்பர் 20 வரை நடைபெற்ற அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. திம்புள்ளயின் மையமாகிய தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிலிருந்து கே. குமாரவேலுவும், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தெரிவாயினர். வழிகள் சிதைந்த மழைக்காலத்தில் மலையக மக்கள் தம் குரலை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இது அரசியல் வரலாறு எனக் கூறி ஒதுக்கத்தக்கதன்று. நிவாரண வரலாற்றுக்கும் இதுவே திருப்புமுனை. அரசின் நிவாரணம் கிராமத் தலைமைக்காரர் வழியாகவும், 1963இன் பின்னர்க் கிராம சேவகர் வழியாகவும் மக்களைச் சென்றடைந்தது. தோட்டமோ தனியார் நிலம். அங்கு வாழ்வோர் துரையின் பொறுப்பு என்பதே நிருவாகத்தின் மரபான மனப்பாங்காயிற்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் உள்ளூராட்சி நிதியைச் செலவிடுதற்குத் தடையாயிருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. குடியுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு தீர்த்த பின்னரும், லயத்து வாசலுக்குச் செல்லும் பாலத்தைப் பிரதேச சபை செப்பனிடுதற்குப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1973-1974: வெள்ளமின்றி அறுந்த வழி

வழி அறுதற்கு வெள்ளம் வேண்டியதில்லை. ஆணையும் போதும் என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகள் உணர்த்தின. உலகச் சந்தையில் தானியத்தின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறின. அரசு பங்கீட்டைக் குறைத்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டது. வீதிகளிற் சோதனைச் சாவடிகள் தோன்றின. நெல் விளையும் மாவட்டத்தவருக்கு இத்தடை ஓர் இடையூறு. நெல் விளையாத திம்புள்ளக்கோ அது மூச்சுத்தடையாயிற்று. காணியில்லாத தொழிலாளிக்குத் தன் வயலின் நெல்லை நாடும் வாய்ப்பும் இல்லை. 1974இல் தோட்டப்புற மரணவீதம் கடுமையாக உயர்ந்தது. பசியால் வாடிய குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரங்களில் அலைந்தன.

அதே 1974இல் வங்காளதேசத்தை வெள்ளமும் பஞ்சமும் தாக்கின. அப்பஞ்சத்தைப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்து, அவ்வாண்டு அந்நாட்டில் உணவு முந்திய ஆண்டுகளைவிடக் குறைந்திருக்கவில்லை எனக் காட்டினார். வெள்ளம் உழவு வேலையைப் பறித்தது. வேலை போனதால் நாட்கூலியாளரின் கூலி போயிற்று. கூலி போனதால் சந்தையிலிருந்த அரிசி அவர்க்கு எட்டாததாயிற்று. இவ்விளக்கம் திம்புள்ளக்கும் பொருந்துவது. தோட்டத்தில் நாட்சம்பளம் பெரட்டில் பெயர் கொடுத்தாலன்றிக் கிடைப்பதில்லை. மழையால் மலை மூடிய நாட்களில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையேற் சம்பளம் இல்லை. எனவே உணவு வழி என்பது பாதையும் லொறியும் மட்டுமன்று. வாங்கும் சக்தியும் அதன் ஒரு கண்ணியாகும்.

அண்மைக்கால அனர்த்தங்கள்

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களினூடே பழைய அரிசி வழங்கும் முறை மறைந்தது. அம்மறைவுக்கு வருந்த வேண்டியதில்லை. கடனும் கட்டுப்பாடும் அதனோடு தளர்ந்தன. ஆனால் மழைக்கு முன்னே மலைமீது இருப்பு வைக்கும் வழக்கமும் உடன் மறைந்தது. அதனிடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை. இன்று லயத்து வீட்டில் இருப்பது பெரும்பாலும் சில நாளைய மாவும் அரிசியுமே. எஞ்சியது நகரத்துக் கடையின் கணக்குப் புத்தகத்தில் உள்ளது.

1986 சனவரியில் மலைநாட்டைத் தாக்கிய மண்சரிவுகள், 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் கவனத்தை இத்துறைபால் திருப்பின. நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலேயே மண்சரிவு அபாய வரைபடம் ஆக்கும் பணி முதலிற் தொடங்கிற்று. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. செல்வதற்கு வேறிடமே மக்களுக்கு இல்லை. உயிர் தப்பியோர் பாடசாலைகளில் அடைக்கலம் புகுந்தனர். குடும்பங்கள் பல பின்னர்க் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நெடுங்காலம் வாழ்ந்தன. வெளியே செல்லும் பொருளுக்காகக் கட்டப்பட்ட ‘ஸ்டோர்’ முதன்முறையாக மக்களுக்கு இடம் கொடுத்தது. அதுவும் கைவிடப்பட்ட பின்னரே.

2025 நவம்பர் இறுதியில் வந்த ‘திட்வா’ சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருகின, மலையகப் புகையிரதப் பாதை பலவிடங்களிற் சிதைந்தது, வீதிகள் துண்டிக்கப்பட்டன. நாட்டின் பிற பகுதிகளிலும் வெளிநாடுகளிலும் இருந்து உதவி திரண்டது. ஆனால் உதவி திரண்ட இடத்துக்கும் பசித்த இடத்துக்கும் இடையே அதே மலை நின்றது. 1885இல் ஒற்றை வாயிலாகிய வழி நூற்றுநாற்பது ஆண்டுகளின் பின்னரும் அவ்வாறே இருந்தது.

வரலாறு காட்டும் வழி

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். இவை புதியன அல்ல. இம்மண்ணிலேயே ஒருகாலத்து ஏதோவொரு வடிவில் இருந்தவையே.

முதலாவது, தோட்டப் பிரிவுதோறும் ஒரு சிறு இருப்பு வேண்டும். இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நூறு குடும்பங்கள் கொண்ட ஒரு பிரிவில் 450 பேர் வாழ்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசியோ மாவோ எனக் கொண்டால், ஏழு நாட்களுக்கு 1,260 கிலோகிராம் தேவை. அது 50 கிலோ மூட்டைகள் இருபத்தாறு. சிறிய லொறி ஒன்றின் சுமை. ஓர் அறையின் ஒரு மூலை. இத்துணைச் சிறிய இருப்பு இல்லாமையே பெருந்துயருக்குக் காரணமாகின்றது. மலையின் ஈரக்காற்றில் தானியம் நெடுநாள் நில்லாது என்பது உண்மையே. எனவே அது உறங்கும் களஞ்சியமாக அன்றி, சங்கக்கடை வழியாக மாதந்தோறும் விற்று மீள நிரப்பப்படும் சுழலும் களஞ்சியமாதல் வேண்டும்.

இரண்டாவது, அண்மையில் கிடைப்பதை அண்மையிலேயே வாங்குதல் வேண்டும். நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் விளைகின்றன. தோட்டங்களில் பசு வளர்ப்போர் பலர். ஒவ்வொரு சிறு நகரத்திலும் வெதுப்பகமும் மளிகைக் கடையும் உண்டு. பாதை அறுந்த நாளில் விளைந்த மரக்கறி கீழிறங்க வழியின்றி அழுக, சில மைல்களுக்கு அப்பால் மக்கள் வெறும் ரொட்டியுடன் இருத்தல் முரணாகும். விவசாயியுடனும் கடைக்காரருடனும் மழைக்காலத்துக்கு முன்னரே விலையும் அளவும் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டால், நிவாரணப் பணம் அப்பகுதியிலேயே சுழன்று, அனர்த்தத்தின்பின் ஊரும் விரைவில் எழும்பும்.

மூன்றாவது, வழிகளைப் பலவாக்குதல் வேண்டும். தோட்டத்தையும் தோட்டத்தையும் முகட்டின்மீது இணைக்கும் உள்வீதிகள் பல உள்ளன. அவை கொழுந்து ஏற்றும் வண்டிகளுக்காக அமைந்தவை, பராமரிப்பின்றிச் சிதைந்துள்ளன. பழைய தவளப்பாதைகளின் வாரிசுகளாகிய அவற்றைச் செப்பனிட்டு, வரைபடத்திற் சேர்த்தல் பெருவீதி அமைத்தலினும் எளிது.

நான்காவது, எச்சரிக்கையையும் இருப்பையும் இணைத்தல் வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றருக்கு எச்சரிக்கை, 150 மில்லிமீற்றருக்கு வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வகுத்துள்ளது. தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாக மழைமானி வைத்து நாள்தோறும் பதிந்து வருகின்றன. அந்த அளவு கொழுந்தின் கணக்குக்கு மட்டும் பயன்படலாகாது. 75 மில்லிமீற்றர் என்னும் குறி, அடுத்த நாளே வழி மூடலாம், களஞ்சியத்தை நிரப்புக என்னும் குறியுமாதல் வேண்டும். அவ்வறிவித்தல் தமிழில், லயத்து வாசல்வரை செல்லுதலும் வேண்டும்.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் முதன்மையானது: திறவுகோல். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோரும், வீட்டு அடுப்பைக் காப்போரும் பெண்களே. எந்த வீட்டிற் கைக்குழந்தை உண்டு, எந்த வீட்டில் நோயாளி உண்டு என்பதை எழுதப்படாத பதிவேடாக அவர்கள் அறிவர். களஞ்சியத்தின் பொறுப்பு அவர்களை உள்ளடக்கிய தோட்டக் குழுவிடம் இருத்தல் வேண்டும்; கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஒவ்வொரு லயத்துக் குடும்பமும் தனிக்குடும்பமாக இடம்பெறல் வேண்டும்; அனர்த்தத்தால் வேலை நின்ற நாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியேனும் உறுதிசெய்யப்படல் வேண்டும். துரையின் அரிசி அறை மக்களைக் காத்தது. ஆனால் அது அவர்களுடையதாயிருக்கவில்லை. பங்கீட்டு அட்டை மக்களை எண்ணியது. ஆனால் அடுத்த சட்டம் அவர்களை நீக்கியது. பிறர் கையிலுள்ள இருப்பு, தேவைப்படும் நாளில் இருப்பாகாது என்பதே ஒன்றரை நூற்றாண்டின் படிப்பினை.

முடிவுரை

திம்புள்ளயின் தேயிலை உலகச் சந்தையிற் தனித்த புகழ் பெற்றது. சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட குளிர்க்காற்றில் அதன் மணம் சிறக்கும் என்பர். அம்மணம் தடையின்றி இலண்டனை அடைவதற்கு ஒன்றரை நூற்றாண்டாக வீதியும் இருப்புப்பாதையும் களஞ்சியமும் துறைமுகமும் அமைக்கப்பட்டன. அதே மலையிலிருந்து மறுமலைக்கு, ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கு ஒரு மூட்டை மா செல்வதற்கான வழி இன்னும் செவ்வனே அமைக்கப்படவில்லை. இது இயற்கையின் குற்றம் அன்று; வழிகள் எவருக்காக வகுக்கப்பட்டன என்பதன் விளைவு.

ஆபுத்திரன் இட்ட பாத்திரம் கோமுகியில் ஆண்டுக்கொருமுறை தோன்றி, இறுதியில் மணிமேகலையின் கையை அடைந்ததாகக் காப்பியம் கூறும். அவள் அதனைக் கொண்டுசென்றது பசித்தோர் வாழும் நகருக்கும் சிறைக்கோட்டத்துக்குமாம். பாத்திரத்தின் பெருமை அதன் குறையாமையில் மட்டுமன்று. பசித்தவன் வாசலில் அது இருந்தமையிலும் உள்ளது. மலையக வரலாற்றை ஆராய முற்படும் இளம் மாணவர்கள், தோட்டந்தோறும் மறைந்துபோன அரிசி அறைகளையும் தவளப்பாதைகளையும் மழைப் பதிவேடுகளையும் தேடித் தொகுப்பாராயின், அது பழமை பேணும் பணியாக மட்டும் அமையாது; அடுத்த மழைக்கு முன்னர்ச் செய்ய வேண்டிய பணியாகவும் அமையும்.